படத்தைத் தீர்மானிப்பது யார்? கேமரா டிரைவரின் உள்வேலை

கைபேசியில் ஒரு படம் நன்றாக வந்தால் லென்ஸைப் புகழ்கிறோம், மெகாபிக்சல் எண்ணைப் புகழ்கிறோம். மோசமாக வந்தால் கேமரா சரியில்லை என்கிறோம். லென்ஸுக்கும் திரைக்கும் நடுவில் ஐஎஸ்பி எனப்படும் படச் செயலி ஒன்று இருப்பதும், அதை இயக்குவதற்கென்றே இயங்குதளத்தின் கர்னலுக்குள் ஒரு டிரைவர் ஓடுவதும் பொதுப் பேச்சில் வருவதில்லை. பொறியாளர்களிடையே பேச்சு வரும்போதோ ஒரு நம்பிக்கை கூடவே வருகிறது: படத்தின் தரத்துக்கான ரகசியம் டிரைவருக்குள் இருக்கிறது, ஆகவே சில்லு நிறுவனங்கள் அதைப் பூட்டிவைப்பது நியாயம்தான் என்பது அது. கிடைக்கிற சான்றுகளைப் பார்த்தால் இது தவறு என்றே சொல்வேன். டிரைவர் படத்தைப் பற்றி எந்த முடிவும் எடுப்பதில்லை. வெளிச்சம் எவ்வளவு, நிறம் எப்படி என்று வேறோர் இடத்தில் எடுத்த முடிவு, எந்த ஃபிரேமுக்கு உரியதோ அந்த ஃபிரேமிலேயே போய்ச் சேரும்படி பார்த்துக்கொள்வதுதான் அதன் வேலை. இதை ஒப்புக்கொண்டால், எதைத் திறந்துவைக்க வேண்டும், எதை மூடிவைக்கலாம், நம் ஊர் வெளிச்சத்துக்கும் நம் தோல் நிறத்துக்கும் ஏற்ற படம் வேண்டுமானால் எங்கே கைவைக்க வேண்டும் என்ற கேள்விகளுக்கு விடையே மாறிவிடுகிறது.

சென்சாரிலிருந்து வருவதை இன்னும் படம் என்று சொல்ல முடியாது. சிலிக்கானுக்கு நிறம் தெரியாது. விழுந்த ஒளியின் அளவு மட்டுமே தெரியும். கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976-ல் காப்புரிமை பெற்ற வடிகட்டி அமைப்பும் அதன் வழிவந்தவையும்தான் இன்றைய கேமராக்களில் பெரும்பாலானவற்றில் இருக்கின்றன. பிக்சல்களில் சரிபாதி பச்சையை மட்டும் பார்க்கும், கால்வாசி சிவப்பை, மீதிக் கால்வாசி நீலத்தை. ஆக ஒவ்வொரு பிக்சலுக்கும் மூன்றில் ஒரு நிறமே கையில் இருக்கிறது. மற்ற இரண்டையும் அக்கம்பக்கத்தைப் பார்த்து ஊகித்தாக வேண்டும். முழு இருட்டிலும் சென்சார் சுழியத்தைத் தருவதில்லை. ராஸ்பெரி பை என்ற சிறு கணினியின் கேமராவால் பரவலான, சோனியின் ஐஎம்எக்ஸ்219 சென்சார், 1023 வரை எண்ணும் 10 பிட் அளவுகோலில் இருட்டுக்கு 64 என்று சொல்லும். லென்ஸின் ஓரங்களில் ஒளி குறையும். சில பிக்சல்கள் தொழிற்சாலையிலேயே செத்திருக்கும். பழனி வட்டத்துக் கீரனூரில் சித்திரை மாத உச்சிப் பொழுதில், சூரியன் ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே நிற்கையில், வெள்ளை வேட்டி கட்டிய ஒருவரை வேப்பமர நிழலின் விளிம்பில் நிறுத்திப் படமெடுத்தால் சென்சார் தருவது பச்சை படிந்து, ஓரம் இருண்டு, கட்டம் கட்டமாகத் தெரியும் ஒரு பரப்பைத்தான். இருட்டின் அளவைக் கழிப்பது, செத்த பிக்சலை நிரப்புவது, ஓர இருட்டை ஈடுகட்டுவது, வேட்டியை வெள்ளையாக்குவது, விடுபட்ட நிறங்களை ஊகிப்பது, சென்சாரின் நிறங்களை மனிதக் கண்ணின் நிறங்களாக்க 3×3 அணியால் பெருக்குவது, காமா வளைவில் ஏற்றுவது, இரைச்சலைத் தணிப்பது, கூர்மையாக்குவது, கடைசியில் வேண்டிய அளவுக்குச் சுருக்குவது என அத்தனையும் ஐஎஸ்பியின் பொறுப்பு.

இவற்றைச் சாதாரணச் செயலியிலும் செய்யலாம். ஆனால் 1920×1080 அளவில் வினாடிக்கு 30 ஃபிரேம் என்றால் வினாடிக்கு 6 கோடியே 22 லட்சம் பிக்சல். ஒவ்வொன்றுக்கும் பல பத்துக் கணக்குகள். பேட்டரி தாங்காது. அதனால்தான் இந்த வேலை தனி வன்பொருளுக்குப் போயிற்று. பிக்சல்கள் வரி வரியாக உள்ளே நுழைந்து, ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு நகர்ந்து, மறுமுனையில் வெளியேறுகின்றன. ஒவ்வொரு கட்டத்துக்கும் சில ரெஜிஸ்டர்கள் உண்டு. சிவப்பை எவ்வளவு பெருக்க வேண்டும், காமா வளைவின் புள்ளிகள் எவை என்பதெல்லாம் அங்கே எண்களாக இருக்கும். அந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்பதுதான் முக்கியமான கேள்வி. வன்பொருள் அவற்றைத் தானாகக் கண்டுபிடிப்பதில்லை. அது செய்வதெல்லாம், போகிற போக்கில் சில புள்ளிவிவரங்களைத் திரட்டித் தருவது. ராக்சிப் நிறுவனத்தின் ஆர்கே3399 சில்லில் உள்ள ஐஎஸ்பி, காட்சியை 5×5 கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றின் சராசரி வெளிச்சத்தையும், 16 பிரிவுள்ள ஒரு வெளிச்சப் பரவலையும் தருகிறது. வெள்ளைச் சமன்பாட்டுக்கும் குவியத்துக்கும் இதேபோல் வேறு சில எண்கள். லட்சக்கணக்கான பிக்சல்களைப் பற்றி முடிவெடுப்பவருக்குக் கிடைக்கும் தகவல் இவ்வளவுதான். அதைப் பார்த்து அடுத்த ஃபிரேமுக்கான எண்களைக் கணக்கிடுவது ஒரு மென்பொருள். புள்ளிவிவரம் வெளியே வருகிறது, அளபுருக்கள் எனப்படும் அந்த எண்கள் உள்ளே போகின்றன. கேமரா ஓடும் நேரமெல்லாம் இந்தச் சுழற்சியும் ஓடுகிறது.

இந்த இரண்டு எண் தொகுதிகளுக்கும் நடுவில் நிற்பதுதான் டிரைவர். கேமராவைத் திறந்ததும் மின்சாரத்தையும் கடிகாரத் துடிப்பையும் சரியான வரிசையில் கொடுத்து, ஐ2சி கம்பி வழியே சென்சாரின் அடையாள எண்ணைப் படித்துப் பார்ப்பது போன்ற ஆரம்ப வேலைகள் எந்த டிரைவருக்கும் பொதுவானவை. பிறகு நினைவகம் வருகிறது. 8 மெகாபிக்சல், 10 பிட் என்றால் ஒரு ஃபிரேம் மட்டும் ஏறக்குறைய ஒரு கோடி பைட். அதை இடத்துக்கு இடம் நகலெடுத்துக்கொண்டிருக்க முடியாது. ஆகவே பயனர் நிரல் தரும் பஃபர்கள் எனப்படும் நினைவகத் துண்டுகளை டிரைவர் வரிசையில் வைத்துக்கொண்டு, அடுத்ததன் முகவரியை வன்பொருளுக்குக் கொடுத்து, நேராக அதிலேயே எழுத வைக்கிறது. எழுதி முடித்த அதே பஃபரைத் திரைக்கோ வீடியோ சுருக்கிக்கோ கைமாற்றிவிடுகிறது. ஃபிரேம் தொடங்கியது, புள்ளிவிவரம் தயார், ஃபிரேம் முடிந்தது என்று வன்பொருள் ஒவ்வொரு முறை இன்டரப்ட் கொடுக்கும்போதும் டிரைவர் விழித்து, முடிந்த பஃபரில் வரிசை எண்ணையும் நேரத்தையும் பதித்து, அடுத்ததை எடுத்துவைக்கிறது. புதிய அளபுருக்கள் வந்திருந்தால் அவற்றை நிழல் ரெஜிஸ்டர்களில் எழுதுகிறது. ஒரு ஃபிரேமின் நடுவில் நிற அணி மாறினால் படத்தின் மேல்பாதி ஒரு நிறத்திலும் கீழ்பாதி வேறு நிறத்திலும் வந்துவிடும் அல்லவா? அதனால் வன்பொருள் நிழலில் உள்ளதை இரண்டு ஃபிரேம்களுக்கு இடைப்பட்ட சிறு வெற்று நேரத்தில் மட்டுமே உண்மையான ரெஜிஸ்டருக்கு எடுத்துக்கொள்கிறது. அந்த இடைவெளியைத் தவறவிட்டால் அளபுரு ஒரு ஃபிரேம் தள்ளிப் போய்விடும்.

உண்மையான சிக்கல் சென்சார் பக்கம் இருக்கிறது. ஐஎம்எக்ஸ்219-ல் எக்ஸ்போஷர், அதாவது ஒளியை ஏற்கும் நேரம், இவ்வளவு இருக்கட்டும் என்று இப்போது எழுதினால் அது 2 ஃபிரேம் கழித்துத்தான் படத்தில் தெரியும். அதே நேரத்தில் எழுதிய பெருக்கமோ, அதாவது சென்சார் தன் சமிக்ஞையைப் பெரிதாக்கும் அளவோ, 1 ஃபிரேமிலேயே வந்துவிடும். எக்ஸ்போஷரைக் குறைத்து, பெருக்கத்தைக் கூட்டி, இரண்டையும் ஒன்றாக எழுதிவிட்டுச் சும்மா இருந்தால், நடுவில் ஒரு ஃபிரேம் பழைய எக்ஸ்போஷரோடும் புதிய பெருக்கத்தோடும் பளிச்சென்று வெளிறிப் போகும். வேறொரு சென்சாரான ஐஎம்எக்ஸ்477-ல் இந்தத் தாமதக் கணக்கே வேறு. ஐஎஸ்பியின் எண்களோ அடுத்த ஃபிரேமிலேயே நடைமுறைக்கு வந்துவிடும். இத்தனை வேகங்களில் நகரும் எண்களை ஒரே ஃபிரேமில் ஒன்றுசேர்ப்பதுதான் கேமரா மென்பொருளின் கடினமான பகுதி. ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் மூட்டைக்கு விலை வைப்பவர் கணக்குப்பிள்ளை அல்ல. எந்தச் சீட்டு எந்த மூட்டைக்கு என்பது மாறாமல் காப்பவர் அவர். டிரைவரின் இடமும் அதுவே. ஆனால் சீட்டு மாறினால் விலை எவ்வளவு சரியாக வைத்திருந்தும் பயனில்லை.

கீரனூர்க் கடைவீதியில் பழைய சோக் வைத்த டியூப்லைட் எரியும் ஒரு கடையை எடுத்துக்கொண்டால் இது எண்ணளவில் விளங்கும். இந்தியாவில் மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சி. விளக்கு வினாடிக்கு 100 முறை பிரகாசித்து மங்குகிறது, அதாவது 10 மில்லி வினாடிக்கு ஒரு முறை. ஐஎம்எக்ஸ்219 போன்ற சென்சார் எல்லா வரிகளையும் ஒரே நேரத்தில் படிப்பதில்லை, ஒன்றன்பின் ஒன்றாகப் படிக்கிறது. அதன் வழக்கமான அமைப்பில் ஒரு வரிக்கு 3448 பிக்சல் துடிப்பு, வினாடிக்கு 18 கோடியே 24 லட்சம் துடிப்பு. ஆக ஒரு வரிக்கு 18.9 மைக்ரோ வினாடி. விளக்கின் ஒரு துடிப்பு 529 வரிகளுக்குச் சமம். 2464 வரிகள் கொண்ட முழுப் படத்தில் நாலரைக்கு மேற்பட்ட துடிப்புகள் அடங்கிவிடும். எக்ஸ்போஷரை 529 வரியாகவோ அதன் மடங்காகவோ வைத்தால் ஒவ்வொரு வரிக்கும் விளக்கின் முழுத் துடிப்புகளே கிடைக்கும், படம் சீராக வரும். 60 சுழற்சி மின்சாரமுள்ள அமெரிக்காவுக்கேற்ப வினாடியில் 60-ல் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய 882 வரி என்று வைத்தால், சில வரிகளுக்கு இரண்டு பிரகாசமும் சிலவற்றுக்கு ஒன்றும் மட்டுமே கிடைத்து, சரக்கு அடுக்கிய அலமாரியின்மேல் நாலைந்து இருண்ட பட்டைகள் படுத்துக்கொள்ளும். வீடியோவில் அவை மேலோ கீழோ நகரலாம். வீடியோ கருவிகளுக்கான லினக்ஸின் வி4எல்2 இடைமுகத்தில் மின்சார அதிர்வெண்ணுக்கென்றே ஒரு கட்டுப்பாடு இருக்கிறது: 50, 60, தானியங்கி, தேவையில்லை என்று நான்கு தேர்வுகள். எந்தத் தேர்வு என்று டிரைவர் தானாக அறியாது. சொன்னதை வாங்கிக்கொண்டு வைக்கும். பட்டை விழாத படத்துக்கு வேண்டிய அறிவு, ‘இந்த ஊரில் 50’ என்ற ஒரே எண். அது டிரைவருக்கு வெளியிலிருந்து வர வேண்டியது.

வரலாறும் இதே திசையில்தான் போயிருக்கிறது. வி4எல்2 டிவி அட்டைகளின் காலத்தில் உருவானது. ஒரு கருவி, ஒரு நுழைவாயில், ஒரு ஓட்டம் என்ற எண்ணம் அதன் அடியில் இருந்தது. 2009-ல் வந்த நோக்கியா என்900 கைபேசியில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் ஓமாப்3 சில்லும் அதற்குள் ஓர் ஐஎஸ்பியும் இருந்தன. அதன் கட்டங்களை ஒரே நுழைவாயிலில் அடைக்க முடியவில்லை. அந்தச் சிக்கலிலிருந்து பிறந்த மீடியா கன்ட்ரோலர் என்ற அமைப்பு 2011-ல் லினக்ஸ் கர்னலுக்குள் வந்தது. சென்சார், பெறும் பகுதி, ஐஎஸ்பி, அளவு மாற்றி என ஒவ்வொன்றும் தனி முடிச்சாகவும், அவற்றை இணைக்கும் கோடுகள் வெளியிலிருந்து பார்த்து மாற்றக்கூடியவையாகவும் ஆயின. அதே என்900-ஐ வைத்து ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2010-ல் வெளியிட்ட ஃபிராங்கன்கேமரா இன்னும் ஓர் அடி முன்னே போனது: ஒவ்வொரு ஃபிரேமும் தனக்குரிய எக்ஸ்போஷர், பெருக்கம், குவியம் அனைத்தையும் ஒரே கோரிக்கையாகத் தன்னோடு சுமந்து செல்ல வேண்டும் என்றது. 2014-ல் ஆண்ட்ராய்டு 5.0 கொண்டுவந்த கேமரா இடைமுகமும் இதே கோரிக்கை முறையில் அமைந்தது. வெவ்வேறு இடங்களில் வேலை செய்தவர்கள் ஒரே முடிவுக்கு வந்தது தற்செயல் அல்ல. முடிவு எங்கே எடுக்கப்பட்டாலும், அது எந்த ஃபிரேமுக்கு என்பதே கேமராவின் அடிப்படைக் கணக்கு.

லினக்ஸ் கேமராக்களுக்கான திறந்த மென்பொருளாக 2018-ல் தொடங்கிய லிப்கேமரா திட்டம், முடிவெடுப்பதையும் அதைக் கொண்டுசேர்ப்பதையும் பிரிக்கும் இந்தப் பிரிவினையை முழுமையாக்கியது. கர்னலுக்குள் இருக்கும் ராக்சிப் டிரைவரைப் பார்த்தால், படம் வெளியேறும் வழிகளோடு புள்ளிவிவரத்துக்கு ஒரு நுழைவாயில், அளபுருவுக்கு ஒரு நுழைவாயில் என்று மட்டுமே இருக்கும். முடிவெடுக்கும் கணக்கெல்லாம் கர்னலுக்கு வெளியே, பயனர் பகுதியில். ராஸ்பெரி பை இன்னும் தெளிவான சான்று. பழைய பலகைகளில் ஐஎஸ்பியை ஓட்டும் ஃபர்ம்வேர், அதாவது சில்லுக்குள்ளேயே ஓடும் நிரல், மூடியதுதான். ஆனால் எக்ஸ்போஷர், வெள்ளைச் சமன்பாடு ஆகியவற்றின் கணக்குகள் லிப்கேமராவில் மூலநிரலோடு திறந்திருக்கின்றன. ஒவ்வொரு சென்சாருக்கும் உரிய எண்கள் சாதாரண உரைக் கோப்பில் இருக்கின்றன: இருட்டின் அளவு, வெவ்வேறு ஒளி நிறங்களுக்கான நிற அணிகள், ஓர இருட்டு அட்டவணை. 2023-ல் வந்த ராஸ்பெரி பை 5-ன் ஐஎஸ்பிக்கு விவரக்குறிப்பு ஆவணமே வெளியாகியிருக்கிறது. அந்தக் கேமராக்களின் படம் இதனால் கெட்டுவிடவில்லை.

எதிர்த்தரப்பில் வலுவான வாதங்களும் உண்டு. ரெஜிஸ்டர்களின் அமைப்பைச் சொல்லிவிட்டால் இரைச்சல் குறைக்கும் முறையைப் போட்டியாளர் ஊகித்துவிடுவார் என்பது முதலாவது. இதில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் ஒரு கட்டத்துக்கு எந்த எண்கள் போகின்றன என்பதை அறிவதும், அந்த எண்களைக் கண்டுபிடிக்கும் கணக்கை அறிவதும் ஒன்றல்ல. கணக்கை ரகசியமாக வைத்துக்கொள்ள லிப்கேமராவிலேயே வழி இருக்கிறது: மூடிய கணக்குப் பகுதி தனியொரு செயல்முறையில், மற்றவற்றைத் தொடமுடியாதபடி அடைபட்டு ஓடலாம். ரகசியத்தைக் காக்க டிரைவரையே பூட்ட வேண்டிய அவசியமில்லை. இன்னொரு வாதம், தலைமுறைக்குத் தலைமுறை அளபுருக்கள் மாறும், கர்னலோ ஒருமுறை கொடுத்த இடைமுகத்தை உடைக்கக் கூடாது, ஆகவே திறந்த டிரைவர் என்பது தீராத சுமை என்பது. ராக்சிப் டிரைவர் பல ஆண்டுகள் ஒரே பெரிய கட்டமைப்பில் எல்லா அளபுருக்களையும் அடைத்துக்கொண்டு இந்தச் சுமையை உண்மையாகவே அனுபவித்தது. 2024-ல் அதற்குத் தீர்வும் வந்துவிட்டது: ஒவ்வொரு கட்டத்தின் அளபுருவும் தனித்தனித் துண்டாக, தன் வகையையும் அளவையும் தானே சொல்லிக்கொண்டு பஃபரில் அமர்கிறது. புதிய துண்டு சேர்ந்தாலும் பழைய நிரல்கள் முன்போலவே ஓடும்.

எல்லாவற்றையும் ஃபர்ம்வேருக்குள் வைத்துவிட்டால் டிரைவர் எளிதாகிவிடுமே என்பது மூன்றாவது, எனக்குக் கடினமாகத் தோன்றும் வாதம். ஆப்பிளின் எம்1 வகைச் சில்லுகளில் ஐஎஸ்பிக்குள் தனிச் செயலியே இருக்கிறது. டிரைவர் கட்டளைகளை அனுப்புவதோடு சரி. சில்லும் மென்பொருளும், சென்சார், லென்ஸ் ஆகியவற்றின் தேர்வும் ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கும்போது இது நன்றாகவே வேலை செய்கிறது. கைகள் பலவாகும்போதுதான் சிக்கல். இன்டெலின் ஐபியு6 என்ற படச் செயலாக்கப் பகுதியைக் கொண்ட மடிக்கணினிகள் சிலவற்றை 2022 வாக்கில் வாங்கிய லினக்ஸ் பயனர்களுக்கு உள்ளமைந்த கேமரா உடனே வேலை செய்யவில்லை. சென்சாரிலிருந்து தரவைப் பெறும் பகுதியின் டிரைவர் 2024-ல் கர்னலில் சேர்ந்தது. படத்தைச் சமைக்கும் பகுதியின் டிரைவர் அதோடு வரவில்லை. அந்த இடத்தை நிரப்ப, லிப்கேமராவில் அதே ஆண்டு ஐஎஸ்பி வேலையைப் பொதுச் செயலியிலேயே செய்யும் மென்பொருள் வடிவம் ஒன்று சேர்க்கப்பட்டது. பணம் கொடுத்து வாங்கிய வன்பொருள் சும்மா கிடக்க, பேட்டரியைத் தின்று வேறொன்று அதன் வேலையைச் செய்கிறது. மூடிவைப்பதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

தமிழ்நாட்டுக்கு இந்த விவாதம் தூரத்துச் செய்தி அல்ல. சென்னையின் ஈ-கான் சிஸ்டம்ஸ் 2003 முதல் இயங்கிவருகிறது. என்விடியாவின் ஜெட்சன் போன்ற பலகைகளுக்குக் கேமராத் தொகுதிகளையும் லினக்ஸ் டிரைவர்களையும் செய்து தருகிறது. டிரைவர் எழுதும் திறமை நம்மிடம் இருக்கிறது. போதாமல் இருப்பது அதற்கு மேலே உள்ள வேலை, சென்சாருக்குரிய எண்களை அளந்து அமைக்கும், பொறியாளர்கள் ட்யூனிங் என்று சொல்லும் வேலை. நிற அணியைக் கணக்கிட உலகெங்கும் பயன்படுவது 24 கட்டங்கள் கொண்ட நிற அட்டை. பேயரின் காப்புரிமையைப் போலவே அதுவும் 1976-ல் வந்ததுதான். அந்த 24-ல் மனிதத் தோலுக்கு இரண்டே கட்டங்கள், வெளிர் தோல் ஒன்று, கருந்தோல் ஒன்று. நம் தெருவில் ஒரே குடும்பத்துக்குள் இருக்கும் நிறங்கள்கூட அந்த இரண்டுக்கும் இடையிலும் அப்பாலும் பரந்திருக்கின்றன. எக்ஸ்போஷர் கணக்கு முகத்தைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டும்போது, கறுத்த முகத்தை எந்த அளவுக்கு வெளுப்பாக்க வேண்டும் என்ற இலக்கு ஒரு கோப்பில் எண்ணாக எழுதப்பட்டிருக்கிறது. கூகிள் 2021-ல் பிக்சல் 6-உடன் ரியல் டோன் என்ற பெயரில் கருநிறத் தோலை உண்மையாகக் காட்டுவதாக அறிவித்தபோது, அதற்கு முந்தைய எண்கள் யாரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை என்பதும் சேர்ந்தே வெளிப்பட்டது. உச்சி வெயிலில் வெள்ளை வேட்டியும் கறுத்த முகமும் செம்மண் தரையும் ஒரே சட்டத்தில் வரும் கீரனூர்க் காட்சிக்கு எந்த எண் சரி என்பதை அங்கே நின்று அளந்தவர்தான் சொல்ல முடியும். அளக்க வேண்டியவை கைக்கு எட்டாதவையும் அல்ல: அட்டையின் படங்கள் சில, பல வேளைகளின் ஒளியில், ஓர இருட்டை அளக்கச் சீரான வெள்ளைப் பரப்பின் படங்கள் சில. ராஸ்பெரி பை இதற்கான கருவியையும் வழிகாட்டியையும் வெளியிட்டிருக்கிறது. ஆனால் விளைந்த எண்களை ஏற்றுக்கொள்ளும் திறந்த வாயில் டிரைவரில் இல்லாவிட்டால் அளந்தது காகிதத்தோடு நின்றுவிடும்.

இனி எல்லாவற்றையும் செயற்கை நுண்ணறிவே பார்த்துக்கொள்ளும், சென்சாரின் கச்சாத் தரவை உள்ளே கொடுத்தால் முழுப் படம் வெளியே வரும், ஐஎஸ்பியும் அதன் டிரைவரும் பழங்கதையாகிவிடும் என்ற பேச்சும் இப்போது கேட்கிறது. விடுபட்ட நிறங்களை ஊகிப்பதிலும் இரைச்சலைக் குறைப்பதிலும் நரம்பு வலைப்பின்னல்கள் பழைய முறைகளை மிஞ்சியிருப்பது உண்மை. ஆனால் அந்த வலைப்பின்னலுக்குள் போகும் ஃபிரேம் எத்தனை வரி எக்ஸ்போஷரில், எவ்வளவு பெருக்கத்தில் எடுக்கப்பட்டது என்பது அதற்குச் சரியாகத் தெரிய வேண்டும். இரைச்சல் எவ்வளவு என்பதே பெருக்கத்தைப் பொறுத்தது. அந்த விவரம் ஒரு ஃபிரேம் தள்ளி வந்தால் வலைப்பின்னல் முந்தைய ஃபிரேமின் இரைச்சலை இந்த ஃபிரேமில் தேடும். பயிற்சிக்காகச் சேர்த்த லட்சக்கணக்கான கச்சாப் படங்களிலும் அதே பிழை படிந்திருக்கும். சென்சார் எழுதியதை 2 ஃபிரேம் கழித்துத்தான் காட்டும் என்பதை எந்த வலைப்பின்னலும் மாற்றப்போவதில்லை. எந்த எண் எந்த ஃபிரேமுக்கு என்ற கணக்கை அப்போதும் டிரைவர்தான் வைத்திருக்க வேண்டியிருக்கும்.